ரை ரொட்டியில் ஒரு பிக்

கலெர்வோ கிடார் பழகுவது எங்கள் குடியிருப்பின் கீழே, சைக்கிள் வைக்கும் அறையில். வயது நாற்பத்தெட்டு. பின்லாந்தில், ஈசல்மி ஊரில் இருபத்திரண்டு வருடமாகப் பனி அள்ளும் வண்டி ஓட்டுகிறார். நலம் விசாரித்தால் "ஓடுது" என்பார். அதற்கு மேல் பேச்சு வராது.

அந்த அறைக்கு நேர் மேலே என் படுக்கை. ஆகவே நவம்பரிலிருந்து ஒரே வரியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கம்பியை மீட்டும் சின்ன முக்கோண வில்லையை, அந்தப் பிக்கை, மேலும் கீழுமாக மாற்றி மாற்றி வேகமாக அடிக்க வேண்டிய வரி. தாளம் தட்டும் மெட்ரோனோம் நிமிடத்துக்கு நூற்று நாற்பது வரை ஒழுங்காகப் போகும். நூற்றைம்பதில் விக்கும். நூற்று அறுபதில் கலெர்வோ திட்டுவார், மரியாதையாக.

காரணம் ரைலி. பல் மருத்துவரிடம் உதவியாளர், மெட்டல் இசைக் குழுவில் டிரம்ஸ். அவர்களுடைய கிடார்காரன் நவம்பரில் ஊரை விட்டுப் போனதும், அந்த இடத்தைத் தனக்குத் தரும்படி கலெர்வோ கேட்டார். அவர் யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

"வர்ற வெள்ளிக்கெழமை நூத்தெழுபதுல வாசிச்சுக் காட்டு," என்றாள் ரைலி, கடைசியில். "திக்குனா வேற ஆளு. கோவிச்சுக்காத."

குடியிருப்பின் பொது நீராவிக் குளியலறையான சௌனாவில் சனிக்கிழமை ஐந்து மணி கலெர்வோவின் முறை. அந்த ஒரு மணி நேரத்தில் நான் விளையாட்டாக, ரை தானியத்தில் செய்த மொறுமொறு ரொட்டியை அரத்தால் தேய்த்து, பிக் போலவே முக்கோணமாக்கி, நகப்பூச்சு அடித்து, அவருடைய பிக் இருந்த இடத்தில் வைத்தேன். ஈரத் தலையோடு வந்தார். எடுத்தார். இரண்டாவது அடியிலேயே பொடிந்தது.

துண்டை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"ரொட்டி."

"ஆமா," என்றேன், கதவோரம் நின்றபடி.

"வெண்ணெ தடவலையா?"

"கம்பி வழுக்கும்ல."

சிரிக்கவில்லை. தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டியின் கைப்பிடியைப் பிடித்திருப்பது போல இறுகி, நுனி வெளுத்திருந்தன.

"இன்னும் எத்தனை இருக்கு?"

"எதுக்கு?"

"இது ஒடையாம வாசிச்சுப் பழகினா கை எளகும் போல."

ஆறு நாளில் நாற்பத்தோரு பிக் செய்தேன். எனக்கும் வேறு வேலை இல்லை, அவ்வளவுதான். முதலில் எல்லாம் உடைந்தன. புதன்கிழமை ஒன்று முழுதாக ஒரு மணி நேரம் தாங்கியது, நூற்று இருபதில். வியாழக்கிழமை ஒன்று நூற்று அறுபத்தைந்தில் தாங்கியது.

வெள்ளிக்கிழமை நிஜப் பிக்கோடு போனார். கிடார் பெட்டியைத் தூக்க நானும் போனேன். நூற்றெழுபது. கை இறுகவில்லை. இளகிய பிடியில் பாதியில் பிக் நழுவி, டிரம்ஸுக்கு அடியில் போய் விழுந்தது. ரைலி டிரம்ஸை நிறுத்தவில்லை. கலெர்வோ சட்டைப் பையில் விரலை விட்டு ஒரு ரொட்டியை எடுத்து, அடுத்த சுற்றில் சேர்ந்துகொண்டார். கடைசி அடியில்தான் அது உடைந்தது.

ரைலி கிடார் மேல் கிடந்த பொடியைத் தொட்டுப் பார்த்தாள்.

"என்னது இது?"

"ரை."

"பல்லுக்கு நல்லது." குச்சிகளை மடியில் வைத்தாள். "செவ்வாக்கெழமை ஆறு மணிக்குப் பயிற்சி. காப்பி உன் முறை."

வீடு திரும்பியதும் கலெர்வோ படிக்கட்டருகே நின்றார்.

"செவ்வாக்கெழமைக்கு ஒரு பத்து செஞ்சு வை."