கொட்டாஞ்சேனையின் பெரிய சிவப்புப் புள்ளி

போன வியாழக்கிழமை வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு மின்சார ஆட்டோவில் போனேன். ஊர் பார்க்க அல்ல. பெரியம்மாவின் மகள் தர்ஷி அக்கா, மின்வாகன சார்ஜர்களை எங்கே வைப்பது என்று திட்டமிடும் சிறிய நிறுவனமொன்றில் வேலை செய்கிறார். கொட்டாஞ்சேனையில் இப்போதைக்கு ஒரேயொரு சார்ஜர்தான் வைக்கப்போகிறார்கள். சில ஆட்டோக்காரரின் சம்மதத்தோடு, வண்டிகள் அதிக நேரம் நிற்கும் இடங்களை வரைபடத்தில் சிவப்புப் புள்ளிகளாகப் பதிந்திருந்தார். சந்தைக்கு முன்னாலுள்ள ஆட்டோ தரிப்பிடத்தில்தான் ஆகப் பெரிய புள்ளி.

"பின்னேரம் மேப் அனுப்ப வேணும். நீ வீட்டில சும்மாதானே, போய் ஒரு படம் எடுத்துக்கொண்டு வா" என்றார். பள்ளிக்கூடத்தை இடையில் விட்டவளுக்கு இப்படியான வேலைகள் நிறைய வரும்.

எட்டரைக்குப் புறப்பட்டோம். பத்து கிலோமீற்றர், ஐம்பது நிமிடம், ஆயிரத்து இருநூறு ரூபாய். வண்டியில் சத்தமே இல்லாததால் மரைன் டிரைவில் கடல் இரைவது கேட்டது. ஓட்டிய ரவி அண்ணாவும் அக்காவின் பதிவுக்குச் சம்மதித்தவர்களில் ஒருவர். "சார்ஜ் வத்தளைல, வீட்டுல மட்டும்தான். நாலு மணிக்கு வண்டியத் திருப்பிரணும். நல்ல ஹயர், தூரத்துச் சவாரி எல்லாம் அதுக்குப் பிறகுதான் வரும்" என்றார்.

தரிப்பிடத்தில் அவர் வரிசையின் கடைசியில் போய் நின்றார். நான் படம் எடுத்தேன்.

"யாரு ரவி, கரண்ட் ஒபிஸா?" என்றார் அடுத்த வண்டிக்காரர். "தங்கச்சி பேசவே மாட்டாங்களா?"

"நீ பேசுறதே இந்த ரோட்டுக்குப் போதும்" என்றார் ரவி அண்ணா.

முன்வண்டிக்கு ஆள் கிடைத்ததும் எல்லோரும் இறங்கி, தங்கள் வண்டியைக் கையால் ஒரு வண்டி நீளம் முன்னே தள்ளினார்கள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும். அந்த முழு வரிசையும் வரைபடத்தில் ஒரே புள்ளிக்குள் அடங்கிவிடுகிறது.

தயங்கித் தயங்கிக் கேட்டேன். "அண்ணா, இங்க சார்ஜர் வந்தா வயரக் குத்துவீங்களா?"

"குத்துனா நகர முடியாதே. பின்னால நிக்கிறவன் முன்னுக்குப் போயிருவான்."

அக்காவுக்கு அழைத்தேன். "வண்டியள் நிக்கிறது உண்மைதானே?" என்றார்.

"நிக்கினம் அக்கா. ஆனா ஒரு இடத்தில நிக்கேல்ல."

மதியம் ஒவ்வொருவராக வண்டியோடு பக்கத்து ஒழுங்கையிலுள்ள சோற்றுக்கடைக்குப் போனார்கள். தரிப்பிடம் வெறுமையாகக் கூடாதென்று ஒருவர் வந்த பிறகுதான் அடுத்தவர் போவார். வண்டி முக்கால் மணித்தியாலம் அந்தக் குறுகிய தெருவின் சுவரோரம் அசையாமல் நிற்கும். வரைபடத்தில் அது கண்ணுக்கே தெரியாத சின்னப் புள்ளி. திரும்பவும் அக்காவை அழைத்துச் சொன்னேன்.

"ஆள் மாறி ஆள் வருவினமோ? அப்ப ஒரு சார்ஜரே காணும், கூடத் தேவையில்லை. கடைக்காரர் இடம் தருவாரோ எண்டு கேட்டனியோ?"

கேட்கவில்லை. இரண்டு தடவை வாசல்வரை போய்த் திரும்பி, மூன்றாம் தடவை உள்ளே போனேன். "வண்டி நின்னா சாப்பிட ஆள் வரும், வைங்க" என்றார் முதலாளி.

அக்கா சார்ஜருக்கான புள்ளியை ஒழுங்கைக்கு மாற்றி மேப்பை அனுப்பிவிட்டார். மேலே ஒத்துக்கொள்வார்களா, எப்போது வரும் என்று இன்னும் தெரியாது.

இந்த வழியில் மின்சார ஆட்டோவில் போக நினைப்பவர்கள் காலையில் போங்கள். மூன்று மணிக்குப் பிறகென்றால் ஏறுமுன் சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்று கேளுங்கள். வரமாட்டேன் என்றால் ஏச வேண்டாம். அன்று நாலு மணிக்கு, பைகளோடு வந்த ஓர் அம்மா, வத்தளைக்கு நேர் எதிர்த்திசையிலுள்ள தெஹிவளைக்குக் கேட்டார். ரவி அண்ணா அந்தப் பைகளைத் தூக்கி வேறொருவரின் வண்டியில் வைத்துவிட்டு, வெறும் வண்டியோடு வத்தளைப் பக்கம் திரும்பினார்.