முதல் நிமிடத் தண்ணீர்

உடம்புக்குள் வந்த நஞ்சை வெளியே தள்ளி ஓர் உயிர் பிழைத்துக்கொள்கிறது என்றால், தள்ளிய நஞ்சு யாருடைய தண்ணீரில் போய்ச் சேர்கிறது? குடிநீர் ஆய்வுக்கூடத்தில் பதினான்கு வருடம் வேலை பார்த்த ஒரு பெண்ணின் வாழ்க்கை இந்தக் கேள்வியைக் கேட்டபடியே நகர்ந்தது போலத் தோன்றும். அவளிடம் போய் இதைச் சொல்லியிருந்தால், "அதெல்லாம் எனக்குத் தெரியாது, குப்பி கழுவணும், கொஞ்சம் நகருங்க" என்றிருப்பாள்.

குப்பி என்பதே அவளுக்குப் பட்டப்பெயர். மாதிரித் தண்ணீர் பிடிக்கும் குப்பிகளை வேறு யாரையும் தொட விடமாட்டாள். அமிலத்தில் ஒரு முறை, காய்ச்சி வடித்த நீரில் மூன்று முறை அலசி, கவிழ்த்து அடுக்கி, மூடியின் மேல் கிழமையை எழுதுவாள். முதலில் கேலியாகக் கூப்பிட்டது அவளுடைய அண்ணன்தான். அப்பா இறந்த வருடம் படிப்பை விட்டுவிட்டுப் பம்பு அறை வேலைக்குப் போனவர் அவர். அவள் படித்தது அந்த வேலையின் தயவில். அண்ணன் வீட்டு மாடி அறையில்தான் குடியிருந்தாள்.

அண்ணன் பார்த்துக்கொண்ட பம்பு ஒரு பள்ளிக்கூடத்துக்கும் அதைச் சுற்றியிருந்த பட்டறைகளுக்கும் தண்ணீர் கொடுத்தது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். அதில் இரும்பும் இருந்தது, ஆர்சனிக் என்ற நஞ்சும் இருந்தது. காற்றை ஊதினால் இரும்பு துருவாகும், துருவில் ஆர்சனிக் ஒட்டிக்கொள்ளும், துருவை மணல் தொட்டி பிடித்து வைத்துக்கொள்ளும். எளிய ஏற்பாடு, நன்றாகவே வேலை செய்தது. மூன்று வருடத்துக்கு முன் அண்ணனுக்கு ஒரு யோசனை வந்தது. சனி, ஞாயிறு பள்ளிக்கூடம் இல்லை, பட்டறைகளும் பூட்டு. யாருக்காகப் பம்பு ஓட வேண்டும்? வெள்ளி மாலை நிறுத்தி, திங்கள் காலை திறந்தார். மின்சாரம் மிச்சமானது. மேலிடம் பாராட்டுப் பத்திரம் கொடுத்தது. அதைக் கண்ணாடி போட்டுப் பம்பு அறைச் சுவரில் மாட்டியிருந்தார்.

அவள் புதன்கிழமைதோறும் அங்கே மாதிரி பிடித்தாள். குழாயைத் திறந்து பத்து நிமிடம் ஓடவிட்ட பிறகே குப்பியை நீட்ட வேண்டும் என்பது விதி. குழாயில் தேங்கிய பழசு போய்ப் புதுத் தண்ணீர் வர வேண்டும் அல்லவா? கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து, ஒரு நொடி குறையாமல் விதியைக் காத்தாள். ஒரு முறை கூட அளவு மீறியதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் ஆராய்ச்சி மாணவி ஒருத்தி ஆய்வுக்கூடத்துக்கு வந்தாள். அதே மணல் தொட்டியின் சேற்றை முந்தைய வாரம் எடுத்துப்போய், ஆர்சனிக் கலந்து, மூடிய புட்டியில் வளர்த்திருந்தாள். இரண்டு சின்னக் கண்ணாடித் தட்டுகளில், ஒன்றில் வெறும் ஆர்சனிக் கரைசலும் மற்றதில் புட்டித் தண்ணீரும் ஊற்றி, இரண்டிலும் சில்வர் நைட்ரேட் சொட்டினாள். ஒன்று செங்கல் போலப் பழுப்பாகியது. மற்றது பளிச்சென்று மஞ்சளானது.

"பழுப்பு, நான் போட்ட ஆர்சனிக். துருவுல ஒட்டிக்கிட்டு சமத்தா கெடக்கும். மஞ்சள், இதுங்க மாத்தினது. ஒட்டாது. தண்ணியோட கெளம்பிடும். விஷமும் ஜாஸ்தி."

"இதுங்கன்னா யாரு?"

"பாக்டீரியாதான்க்கா. காத்து தீந்துபோனா இதுங்க ஆர்சனிக்கை வெச்சு மூச்சு விடும். சிலது துருவையே வெச்சு மூச்சு விட்டு, அதையும் கரைச்சுடும்."

"மூச்சு விட வேற நல்லதா ஒண்ணும் கெடைக்கலியா அதுங்களுக்கு?"

மாணவி சிரித்தாள். "மூடின புட்டிக்குள்ள என்ன கெடைக்கும்? இன்னொரு கூட்டமும் இருக்குக்கா. அதுங்க மூச்சுக்காகச் செய்யல, தப்பிக்கச் செய்யுது. உள்ள நுழைஞ்ச ஆர்சனிக்கை இதே மாதிரி மாத்தி, மேல்தோல்ல இருக்கற பம்பு வழியா வெளிய தள்ளிடும். உள்ள சுத்தம்."

"வெளிய?"

"வெளியன்னா… பக்கத்துத் தண்ணிலதான்."

அவள் மஞ்சள் தட்டைக் கையில் எடுத்தாள். "புட்டி எத்தனை நாள் மூடி இருந்துது?"

"ரெண்டரை நாள் இருக்கும். உங்க தொட்டி எப்பவும் ஓடிட்டே இருக்கும்ல, அங்க காத்துக்கு என்ன பஞ்சம்?"

வெள்ளி மாலை முதல் திங்கள் காலை வரை எத்தனை நாள் என்று கணக்குப் போட அவளுக்கு விரல் தேவைப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் கேட்டாள். "அண்ணா, திங்கக்கிழமை மொதத் தண்ணி எங்க போகுது?"

"எங்க போகும்? பள்ளிக்கூடத் தொட்டிக்கு. இருபது நிமிஷத்துல ரொம்பிடும்."

"நாளைக்கு நான் வந்து புடிக்கறேன். மொத நிமிஷத்துலயே."

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். "பத்து நிமிஷம் விட்டுத்தானே புடிக்கணும்? விதி எழுதினவன் மடையனா?"

"விதி சரிதான். நான்தான் அதைத் தாண்டிப் பாக்கல."

"உன் குப்பிக்கு லீவே கெடயாதா குப்பி?" என்று அண்ணன் சிரிக்கப் பார்த்தார். அண்ணி மட்டும் சிரித்தாள்.

திங்கள் காலை ஆறு மணிக்கு இருவரும் பம்பு அறையில் இருந்தார்கள். மணல் தொட்டியிலிருந்து வரும் குழாய் இரண்டாகப் பிரியும். ஒன்று பள்ளிக்கூடத்துக்கு, ஒன்று சாக்கடைக்கு. அவள் சாக்கடைப் பக்கம் குப்பியோடு குந்தினாள். தண்ணீர் கண்ணாடி போல வந்தது, வாடையும் இல்லை. முதல் நிமிடம் ஒரு குப்பி, பத்தாம் நிமிடம் ஒரு குப்பி. பம்பை நிறுத்திவிட்டு, கையோடு கொண்டுவந்த சோதனைப் பெட்டியைத் திறந்தாள். இரண்டு ஜாடிகளில் தண்ணீர், பொடி, மூடியின் அடியில் வெள்ளைக் காகிதம். காகிதம் எவ்வளவு கருக்கிறதோ அவ்வளவு ஆர்சனிக். இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும்.

"கதவைத் தெறந்து வைங்கண்ணா. இதுல வர்ற ஆவி நல்லதில்ல."

அண்ணன் திறந்துவிட்டு, பள்ளிக்கூட வால்வின் சக்கரத்தில் கை வைத்தபடி நின்றார். "ஏழரைக்குப் பசங்க வர ஆரம்பிச்சுடுவாங்க. தொட்டி காலி. இருபது நிமிஷம் தரேன். அதுக்கு மேல ஒரு நிமிஷம்கூட கெடயாது."

"சரி."

"ஒண்ணும் இல்லேன்னு வந்துட்டா?"

"ஒரு வாரத்துக்குக் கேலி பண்ணிக்கோங்க."

"ஒரு வாரம் போதாது."

சுவர்க் கடிகாரத்தின் முள் பாராட்டுப் பத்திரத்துக்குப் பக்கத்தில் துடித்துத் துடித்து நகர்ந்தது. பன்னிரண்டாம் நிமிடத்தில் அண்ணன் சக்கரத்தை லேசாக அசைத்துப் பார்த்தார், பழக்கத்தில். அவள் பார்வையைக் கண்டதும் கையை எடுத்தார். பள்ளிக்கூடக் காவலாளி வாசலில் எட்டிப் பார்த்து, "என்ன சார், தண்ணி இன்னும் வரல?" என்று கேட்டார். "வரும், வரும்" என்றார் அண்ணன்.

இருபதாவது நிமிடம் அவள் மூடிகளைத் திருகினாள். பத்தாம் நிமிடக் காகிதம் ஏறக்குறைய வெள்ளை. முதல் நிமிடக் காகிதத்தைப் பெட்டியோடு வந்த நிற அட்டையில் வைத்துப் பார்க்கவே முடியவில்லை. அட்டையின் கடைசிக் கட்டத்தையும் தாண்டிக் கருத்திருந்தது.

"ரெண்டும் ஒரே கொழாய்தானே?" என்றார் அண்ணன்.

"ஒரே கொழாய்தான்."

அவர் சாக்கடை வால்வை முழுசாகத் திறந்துவிட்டு, பம்பைப் போட்டார். தண்ணீர் அரை மணி நேரம் வீணாக ஓடியது. இன்னொரு காகிதம் வெளுத்து வந்த பிறகுதான் பள்ளிக்கூடத்துக்குத் திருப்பினார். எல்லாம் முடிந்ததும் கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்தார்.

"இனிமே சனி, ஞாயிறும் ஓட்டறேன். நானே வந்து பாத்துக்கறேன். இதோட விட்டுடு."

அவள் ஜாடிகளை அலசிக்கொண்டிருந்தாள்.

"காதுல விழுதா? இன்னிலேருந்து சரியாயிடுச்சு. யாருக்கும் தெரிய வேண்டாம்."

"மூணு வருஷம் குடிச்ச பசங்களை டாக்டர் பாக்கணும்ணா. நகம், முடி, தோல் எல்லாம் பாக்கணும். தெரியாம எப்படிப் பாப்பாங்க?"

"அப்ப என் வேலை?"

அவள் அலசுவதை நிறுத்தவில்லை. மூன்றாவது முறையும் அலசி, கவிழ்த்து வைத்தாள்.

"உன்னத் தோள்ல தூக்கிட்டுப் போயி ஸ்கூல்ல விட்டவன்டி நான்."

"தெரியும்ணா."

அன்று மதியம் அறிக்கை எழுதினாள். அதில் இரண்டு காரணங்கள் இருந்தன. வார இறுதியில் பம்பை நிறுத்தியது ஒன்று. மூன்று வருடமாக முதல் நிமிடத் தண்ணீரை ஒரு முறையும் சோதிக்காமல் விட்டது இன்னொன்று; அதற்கு நேரே தன் கையெழுத்து. இதைத் துணிச்சல் என்று சொல்வது அவசரம். அறிக்கையை அனுப்புவதற்கு முன் மூன்று முறை மேசை இழுப்பறைக்குள் வைத்து மூடினாள் என்று உடன் வேலை பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

விசாரணை நடந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை மருத்துவர்கள் பார்த்தார்கள். பலருக்கு ஒன்றுமில்லை. சிலருடைய நகத்தில் ஆர்சனிக் இருந்தது. ஆண்டுதோறும் வந்து காட்ட வேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம். அண்ணனைப் பம்பு அறையிலிருந்து எடுத்துக் கிடங்கில் போட்டார்கள், உடைந்த மீட்டர்களுக்குக் காவலாக. கண்ணாடிச் சட்டத்தை யாரோ கழற்றினார்கள். சுவரில் வெளுத்த சதுரம் மட்டும் மிஞ்சியது.

வீட்டில் அண்ணன் அவளோடு பேசுவதை நிறுத்தினார். "சாப்பிட வர்றாளான்னு கேளு" என்பார் அண்ணியிடம், அவள் எதிரே நிற்கும்போதே. "எனக்கென்ன, நான் உங்க ரெண்டு பேருக்கும் தபால்காரியா?" என்று அண்ணி சலித்துக்கொள்வாள். ஐந்து மாதம் இப்படியே போனது.

பம்பு அறைக்கு ஆள் கிடைக்கவில்லை. சனி, ஞாயிறு, விடுமுறை நாள் எதிலும் பம்பு நிற்கக் கூடாது என்ற புது உத்தரவைக் கேட்டதும் வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். ஆறாவது மாதம் அவளே விண்ணப்பம் கொடுத்தாள். இரண்டு படி கீழான வேலை. அதிகாரி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யாராவது கட்டாயப்படுத்தறாங்களாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றாள். "அப்ப ஏன்?" என்றதற்கு, கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று கேட்டாள். பின்னாளில் அந்த மாணவி கேட்டபோதும், அண்ணி பலமுறை கேட்டபோதும் பேச்சை மாற்றினாள். ஓய்வு பெறும் வரை பதினொரு வருடம் அந்தப் பம்பை ஓட்டினாள்.

அண்ணன் ஒருவர்தான் கேட்கவில்லை. அவள் பம்பு அறைச் சாவியோடு முதல் நாள் கிளம்பியபோது வாசலில் செருப்பைத் தேடுவது போலக் குனிந்திருந்தார்.

"பள்ளிக்கூட வால்வு கொஞ்சம் இறுகும்" என்றார், தரையைப் பார்த்து. "அடிச்சுத் திருப்பாதே. ரெண்டு கையாலயும் புடிச்சு மெதுவாத் திருப்பு."

"சரிண்ணா" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினாள்.