ஏழுமலை அண்ணனின் ஆட்சேபம்

இஸ்திரிக் கடை ஏழுமலை அண்ணன் போய்விட்டார். இன்று விடியற்காலை நெஞ்சுவலி... ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே.

எண்ணூரில் எங்கள் தெருவுக்கு ஒருமுறை வந்தவர்களுக்கும் அவரைத் தெரிந்திருக்கும். புங்க மரத்தடியில் தள்ளுவண்டி, கரி வாசனை, ஓயாத பேச்சு.

என் வெள்ளைச் சட்டைகள் எல்லாம் அவர் தேய்த்துக் கொடுத்தவைதான். அவற்றைப் போட்டுக்கொண்டுதான் கம்பெனிக்குப் போகிறேன். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள்... எந்தக் கம்பெனியின் தூசி அவர் மடித்து வைத்த துணிமேல் வந்து உட்கார்ந்ததோ, அதே கம்பெனி.

கம்பெனி விரிவாக்கத்துக்காகக் கல்யாண மண்டபத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. நான் கழுத்தில் ஐடி கார்டோடு மேடைப் பக்கம் தண்ணீர் பாட்டில் கொடுத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் மைக்கைப் பிடித்தார். "தூசு வந்து வுழுவுது சார். தேச்ச துணில கறை கீதுன்னு கஸ்டமரு என்னத் திட்டுறாங்கோ."

"அதெல்லாம் சரிங்க. நீங்க ஆட்சேபிக்கிறீங்களா, இல்லையா? அதைச் சொல்லுங்க" என்றார் அதிகாரி.

"அப்டின்னா இன்னா சார்?"

"வேண்டாம்னு சொல்றது."

"அதத்தான சார் இவ்ளோ நேரமா சொல்லிகினு கீறேன்?"

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன்... எங்கள் மேனேஜர் சிரித்த பிறகு.

"ஆட்சேபிக்கிறேன்!" என்று மைக் அலற ஒரு சத்தம் போட்டுவிட்டுத்தான் அண்ணன் இறங்கினார். அந்த வார்த்தையைக் கையோடு வீட்டுக்கும் கொண்டுபோய்விட்டார்.

அதற்கப்புறம் எதற்கெடுத்தாலும் அதுதான். டீயில் சர்க்கரை தூக்கலா? ஆட்சேபிக்கிறேன். வண்டிக்கு முன்னால் எவனாவது பைக்கை நிறுத்தினானா? ஆட்சேபிக்கிறேன்.

அவர் மனைவி காஞ்சனாக்கா ஒருநாள் என்னிடம் வந்து புலம்பினார். "கொயம்புல உப்பு இல்லன்னா இல்லன்னு சொல்ல வேண்டிதான தம்பி? சோத்துல கைய வெச்சுகினு ஆட்சேபிக்கிறேன்றாரு. ஒரே பேஜாரு!"

எங்கள் வீட்டில் என் மகள் உப்புமாவை ஆட்சேபிக்க ஆரம்பித்தாள்.

ஒருநாள் சட்டை வாங்கப் போனபோது கேட்டேன். "வேணாம்னு சொன்னா போதாதாண்ணா?"

"வேணான்னா, சரி போடான்னு பூடுவான் நைனா. ஆட்சேபிக்கிறேன்னு சொல்லிட்டா, ஏன்னு கேட்டுத்தான ஆவணும்?" சொல்லிக்கொண்டே என் காலரில் விரலை வைத்துத் தேய்த்துக் காட்டினார். "பாரு. உன் கம்பெனி உன் கய்த்துலயே குந்திகினு கீது."

ஏன் என்று யாரும் கேட்கவில்லை. விரிவாக்கம் நடந்து முடிந்தது.

பிறகு கம்பெனி எங்கள் தெரு சங்கத்துக்கு ஒரு ஃப்ரீசர் பாக்ஸ் நன்கொடை கொடுத்தது, சாவு வீட்டில் வைப்பதற்கு. தலைமாட்டுப் பக்கம் பெரிய எழுத்தில் கம்பெனி பெயர். ரிப்பன் வெட்டும் நேரத்தில் கூட்டத்தின் பின்னாலிருந்து, "ஆட்சேபிக்கிறேன்."

சங்கத் தலைவர் கடுப்பாகிவிட்டார். "யோவ், ஐஸ் பொட்டில இன்னாய்யா ஆட்சேபம் உனக்கு?"

"பொட்டி நல்ல பொட்டிதான். நாளிக்கு நான் அதுல படுத்துகினு இருந்தா, அவன் பேரு என் தலமாட்டுல இருக்கக் கூடாது. அவ்ளோதான்."

நான் அங்கேதான் இருந்தேன். என் காதால் கேட்டேன்.

இன்று காலை லீவு சொல்வதற்காக ஆபீஸ் குரூப்பில் சாவுச் செய்தியைப் போட்டேன். உடனே மேனேஜர் போன் செய்தார். "நம்ம பாக்ஸ் அங்கதானே இருக்கு? அதையே வெச்சிடுங்க."

"சரி சார்" என்றேன்.

பாக்ஸ் வந்து இறங்கியதும் காஞ்சனாக்கா அந்தப் பெயரைப் பார்த்தார். "வேற பொட்டி கெடைக்காதா தம்பி?"

"இந்நேரத்துக்குக் கஷ்டம்க்கா."

நான் யாரிடமும் கேட்டுக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்துத் தெரு சர்ச்சில் ஒன்று இருப்பது எனக்குத் தெரியும்.

அக்கா இஸ்திரி வண்டியில் விரிக்கிற கம்பளியை எடுத்துவந்து அந்தப் பெயர் மேல் போட்டு மூடினார். அங்கங்கே தீய்ந்துபோன பழைய கம்பளி. அது பெயரை மறைத்தது... அண்ணன் முகத்தையும் பாதி மறைத்தது.

கொஞ்ச நேரத்தில் மேனேஜரிடமிருந்து மெசேஜ். "பாக்ஸ் போட்டோ ஒண்ணு அனுப்புங்க. பேர் தெரியணும்."

போனை எடுத்துக்கொண்டு தலைமாட்டில் போய் நின்றேன். அண்ணனை ஞாபகத்துக்கு எடுக்கிறேன் என்று அக்கா நினைத்துக்கொண்டார் போல. அழுகையை நிறுத்திவிட்டு எழுந்து, தன் கையாலேயே அந்தக் கம்பளியை விலக்கினார்.

"மூஞ்சி நல்லா தெரியுதா தம்பி? நல்லா எடு. உன்ன ரொம்பப் புடிக்கும் அவருக்கு."

எடுத்தேன். முகமும் விழுந்திருக்கிறது, பெயரும் விழுந்திருக்கிறது.

கம்பளியை மறுபடியும் இழுத்து மூடிவிட்டு வெளியே வந்துவிட்டேன். அவர் வண்டிக்குப் பக்கத்தில் நின்றுதான் இதை எழுதுகிறேன். அக்கா முகத்தை எப்படிப் பார்ப்பது என்று தெரியவில்லை.

சர்ச்சுக்கு இப்போதுதான் போன் போட்டேன். அவர்கள் பாக்ஸ் வேறொரு வீட்டுக்குப் போய்விட்டதாம். காலையில் சும்மாதான் இருந்ததாம்...

போட்டோவை அனுப்பவில்லை. மேனேஜர் மறுபடியும் போன் செய்து கேட்டார். "இங்க நெட் கிடைக்கல சார்" என்றேன். அப்போதும் எனக்குப் பொய்தான் வந்தது.

மேனேஜர் என் ஃபிரண்ட் லிஸ்டில் இருக்கிறார். இந்தப் பதிவைப் பார்த்தால் நெட் இருப்பது தெரிந்துவிடும். தெரியட்டும்.

சாயங்காலம் எடுக்கிறார்கள். தெரிந்தவர்கள் வாருங்கள்.

போய் வாங்கண்ணா... நான் ஆட்சேபிக்கிறேன். லேட்டுதான்.