ஊற்று நீரில் திரிந்த நுரை

கீமத்ஷா 1954ஆம் ஆண்டு, சோவியத் நாட்டின் தென்கோடி மலைகளில், குந்த் ஆற்றங்கரையில் உள்ள சர்சஷ்மா ஊரில், வெந்நீர் ஊற்றைக் காத்துவந்த குடும்பத்தின் இரண்டாம் மகனாகப் பிறந்தார். பத்தொன்பதாம் வயதில் சோவியத் படைக்கு அழைக்கப்பட்டு, வடக்கே காட்டு நடுவிலிருந்த ஒரு முகாமில் இரண்டாண்டுகள் நாவிதராக இருந்தார். திரும்பியதும் ஊற்றுக் குளியலகத்தின் முன்னறையில் நாற்காலி போட்டுச் சவரம் செய்யத் தொடங்கினார். தந்தைக்குப் பிறகு குளியலகம் அண்ணன் தவ்லத்மீரின் பொறுப்புக்கு வந்தது. கீமத்ஷாவின் மனைவி பெயர் குல்சிமோ; பெண்கள் இருவர்.

இந்தக் குடும்பத்து ஆண்களுக்குத் தோல் மெல்லியது. சவரம் செய்த மாலையே கழுத்திலிருந்து தாடைவரை சிவந்து தடித்துவிடும். குளிக்க வருவோரிலும் பலருக்கு அப்படித்தான். அதற்கு ஊரில் ஒரு விளக்கம் இருந்தது: ஊற்று நீர் உடம்புக்குள் ஒளிந்திருக்கும் நோயை வெளியே தள்ளுகிறது. ஆகவே எவ்வளவு சிவக்கிறதோ அவ்வளவு நல்லது. கோரோக் நகரிலிருந்து வந்தவர்கள் முன்னறைக் கண்ணாடியில் தம் எரியும் கன்னத்தைப் பார்த்து, வந்த காரியம் முடிந்த நிறைவோடு போவார்கள். கீமத்ஷாவும் நெடுங்காலம் அதை நம்பினார். முகாமில் தொட்டி மழைநீரில் சவரம் செய்த இரண்டாண்டுகளில் ஒரு முகமும் சிவக்காததை இளமையின் கணக்கில் எழுதிவிட்டார்.

ஒரு குளிர்காலத்தில் முன்னறைக்கு வரும் குழாய் உறைந்தது. சவரத்துக்கு அவர் பனியை உருக்கினார். அதே சோப்பு, அதே பிரஷ். ஆனால் கிண்ணத்தில் எழுந்த நுரை பாலாடைபோல் கனத்து, பிரஷைத் தூக்கினால் கூடவே வந்தது. ஊற்று நீரில் சோப்பு திரிந்துபோய்ச் சாம்பல் நிறத் துகளாக மிதப்பதையும், அது கன்னத்தில் நொடியில் காய்ந்து கத்தியை இழுப்பதையும் அன்றுதான் கணக்கில் எடுத்தார்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அவர் தம் இடக்கன்னத்தை ஊற்று நீரிலும் வலக்கன்னத்தைப் பனிநீரிலும் மழித்தார். பாதி முகம் சிவந்து கடைத்தெருவில் நடந்தபோது, நோய் ஒரு பக்கத்துக்கு மட்டும்தானா, மறுபக்கம் ஊற்றை நம்பாத கம்யூனிஸ்டா என்று கேட்டார்கள். அவர் மெல்லச் சில வழிகளைக் கண்டார்: சோப்பைச் சீவி ஊறவைப்பது, தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்ப்பது, நுரைக்கு அடியில் ஒரு துளி வாதுமை எண்ணெய் தடவுவது, கத்தியை எடுக்குமுன் நுரை கன்னத்தில் சற்று நேரம் இருக்க விடுவது. எரிச்சல் தாங்காத வாடிக்கையாளர் சிலருக்குக் கதவைச் சாத்திக்கொண்டு பனிநீரில் சவரம் செய்தார். அண்ணனுக்கு அது தெரியும். தெரியாததுபோல் இருந்தார்.

2003 ஏப்ரலில் தவ்லத்மீரின் மகன் ஷோத்மானுக்குத் திருமணம். மணமகனை உட்காரவைத்து, தஃப் பறை முழங்க, ஊர் பார்க்க முகம் மழிப்பது வழக்கம். அதற்கான நீரை வீட்டு மூத்தவர் செம்புப் பாத்திரத்தில் ஊற்றிலிருந்து கொண்டுவருவார். முந்தைய நாள் ஷோத்மான் சித்தப்பாவிடம் வந்து, பெண் வீட்டார் முன்னால் வெந்த முகத்தோடு நிற்க முடியாது என்றான். கீமத்ஷா வெறுமனே தலையசைத்தார்.

மறுநாள் அத்தைமார் மணமகன் தோளில் மங்கலத்துக்காக மாவு தூவினார்கள். தவ்லத்மீர் செம்பைக் கொண்டுவந்து தம்பியின் காலடியில் வைத்தார். கீமத்ஷா அதை மரியாதையாக இரு கையாலும் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, தம் கெண்டியைத் திறந்தார். பறைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

"அது என்ன தண்ணி?"

"மேல்சரிவுப் பனி, அண்ணே."

"இந்த வீட்டு மாப்பிள்ளைக்கு அப்பா காலத்துலேருந்து ஊத்துத் தண்ணிதான். தெரியுமில்ல?"

"தெரியும். அப்பா கல்யாணப் படம் கறுப்பு வெள்ளைதானே. அதுலகூட கன்னம் செவந்திருக்கிறது தெரியுது, பாருங்க."

பெண்கள் முக்காட்டை வாயில் வைத்துக்கொண்டார்கள். தவ்லத்மீர் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இந்தச் செம்ப நீ தொடலைன்னா, நாளைக்கு அந்த நாற்காலி உனக்கில்ல. உன் பொண்ணுங்கள நெனச்சுக்க."

குளியலகத்தை விட்டால் கீமத்ஷாவுக்கு வேறு வருமானம் இல்லை. கூட்டத்தில் நின்ற குல்சிமோவைப் பார்த்தார். அவள் மாவுத் தட்டைக் கீழே வைத்து, நின்றுபோன பறை ஒன்றை வாங்கித் தானே தட்டத் தொடங்கினாள். கீமத்ஷா பிரஷைப் பனிநீரில் நனைத்தார்.

மாலைவரை ஷோத்மானின் முகத்தில் ஒரு புள்ளிகூடச் சிவக்கவில்லை. விருந்தில் தவ்லத்மீர் மகனின் தாடையை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கீமத்ஷா தாம் வென்றுவிட்டதாகவே நினைத்தார்.

"ஒண்ணுமே வெளிய வரல," என்றார் அண்ணன். "இருந்த நோயெல்லாம் உள்ளயே தங்கிடுச்சு. செஞ்சுட்டியேடா, பாவி."

"உள்ளயே இருந்துட்டுப் போகட்டும் அண்ணே. வெளியில கல்யாணம் நடக்கட்டும்."

மறுநாள் தவ்லத்மீர் ஒரு வழி சொல்லி அனுப்பினார்: எந்தத் தண்ணீரிலாவது சவரம் செய்துகொள்ளட்டும், ஆனால் கேட்பவர்களிடம் அது ஊற்று நீர் என்று சொல்லிவிட வேண்டும். நல்ல மனத்தோடு நீட்டிய சமாதானம்தான் அது. கீமத்ஷா வந்தார், அண்ணனுக்கு வணக்கம் சொன்னார், இரும்பு நாற்காலியைத் தூக்கி முதுகில் ஏற்றிக்கொண்டு வெளியே போனார். குளியலக வாசலுக்கு நேர் எதிரே, பனி ஓடை சாலையைக் கடக்கும் இடத்தில் அதை இறக்கினார்.

முதல் ஆண்டு ஆள் வரவில்லை. குல்சிமோ உருளைக்கிழங்கு விற்றுக் குடும்பத்தை நடத்தினாள். அண்ணனிடம் போய் ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று உறவினர் வந்து கேட்டபோதெல்லாம், கேட்டவரைக் கீமத்ஷா நாற்காலியில் உட்காரவைத்து முகத்தில் நுரையைத் தடவிவிடுவார். வாய் திறக்க முடியாது. பிறகு குளித்துவிட்டு வெளியே வருவோர் சாலையைக் கடக்கத் தொடங்கினார்கள்.

வியாழன்தோறும் அவரும் சாலையைக் கடந்து, கட்டணம் கொடுத்து, அதே ஊற்றில் வலிக்கும் முழங்காலை நனைத்தார். வெட்கமில்லையா என்று ஒருவர் கேட்டதற்கு, "தண்ணி மேல எனக்கென்னய்யா கோபம்? முட்டிக்கு அது, மூஞ்சிக்கு இது," என்றார். தவ்லத்மீரோ கடைசி நாள்வரை ஊற்று நீரிலேயே மழித்து, சிவந்த முகத்தோடு வாசலில் அமர்ந்திருந்தார். அண்ணனும் தம்பியும் எதிரெதிரே, தினமும் வணக்கம் சொல்லிக்கொண்டு, ஒருவர் சொல்லை மற்றவர் ஏற்காமல் இருந்தது பதினேழு ஆண்டுகள்.