சுமதி திருத்திய கடல் கணக்கு

போன ஞாயிற்றுக்கிழமை துடியலூரில் ஒரு வீட்டில் மைசூர்பாகு கொடுத்தார்கள்.

"எங்க சுமதி டாக்டராயிட்டாளுங்க!" என்றார் அவள் அம்மா. உடனே பதறிக்கொண்டு, "ஊசி போடற டாக்டருன்னு நெனச்சுக்காதீங்க... இது கடலுக்குங்க!"

கோயமுத்தூரில் கடல் ஏது? சுமதியிடமே கேட்டேன்.

புயல் வந்தால் கடல்தண்ணீர் ஊருக்குள் எதுவரை ஏறும், கரையோர மணலை அலை எங்கே கொண்டுபோகும் — இதைக் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுச் சொல்வதுதான் அவர் ஆராய்ச்சி. பீளமேட்டில் ஒரு இன்ஜினீயரிங் காலேஜில்.

கிழக்குக் கரையில் ஒரு மீனவர் குப்பம். 'புயலடித்தாலும் தண்ணீர் தெருவுக்குள் வராது' என்றது அவர் கணக்கு. கடலுக்கடியில் இருக்கும் மணல்திட்டு அலையை முன்னாடியே உடைத்துவிடுமாம். ரிப்போர்ட் அரசு அலுவலகத்துக்குப் போனது. ஆய்வேடும் தயார்.

அப்போதுதான் ஓர் உறுத்தல். பழைய வரைபடத்தை நம்பித்தானே ஆழத்தைப் போட்டோம்?

ரயிலேறிப் போனார். படகில் ஏறி, ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி ஆழத்தை அளந்தார். திட்டைக் காணோம்! கடல் அரித்துப் போயிருந்தது. மறுபடி கணக்குப் போட்டால்... தெரு முழுக்கத் தண்ணீர்.

"ஆய்வேட்டைக் கொடுத்துப்போட்டு, பொறவு திருத்திக்கலாமே அம்மணி?" என்றாராம் பேராசிரியர்.

"அதுக்குள்ள புயல் வந்துருச்சுன்னா என்னங்க சார் பண்றது?"

ஆய்வேட்டை நிறுத்திவைத்துவிட்டு, மறுபடி ரயிலேறி நேரே அந்த அரசு அலுவலகத்துக்குப் போய் நின்றார். "என் கணக்கு தப்புங்க. தண்ணி உள்ள வருமுங்க."

அதிகாரிக்குக் கோபம். "வராதுன்னு எழுதினது யாரும்மா?"

"நாந்தானுங்க. அதான் நானே வந்தேன்."

அதிகாரி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காருங்க" என்றாராம்.

அந்த மழைக்காலத்திலேயே புயல் வந்தது. குப்பத்து ஜனங்களை அதற்கு முன்பே மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியிருந்தார்கள். கடல் தெருவுக்குள் புகுந்தது. கூரைகள் போயின, வலைகள் போயின, நாலைந்து படகுகளும் போயின. உயிர் ஒன்றுகூடப் போகவில்லை.

ஆராய்ச்சி என்றால் ஏசி அறையில் உட்கார்ந்து பட்டன் தட்டுவது என்று நினைத்திருந்தேன். நீங்களும்தானே?

"எல்லாத்தையும் திருத்தி எழுதினதில் பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போச்சே... வருத்தமில்லையா?"

"இல்லாம இருக்குமுங்களா? ரெண்டு நாள் அழுதேனுங்க" என்று சிரித்தார். "புயலுக்கப்புறம் அங்க போனேன். எல்லாரும் கூரை வேஞ்சிட்டிருந்தாங்க. அதுக்கு மேல எங்கிருந்துங்க அழுகை வரும்?"

'நான் சொன்னது தப்பு' என்று சொல்வதற்காகவே ரயிலேறிப் போகிற எத்தனை பேரை உங்களுக்குத் தெரியும்?

எனக்கு — இப்போதைக்கு ஒருவரை.