அரிசிப் பைமேல் ஒரு துவக்கு

இந்த நிகழ்ச்சியைப் பற்றி எங்கள் குடும்பத்தில் பல கதைகள் உலவுகின்றன. சொல்பவர் ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய உப்பையும் புளியையும் சேர்த்துவிட்டார்கள். ஆகவே நான் கண்ணால் கண்டவற்றையும் காதால் கேட்டவற்றையும், பின்னாளில் சித்தியிடம் கேட்டு உறுதி செய்துகொண்டவற்றையும் மட்டுமே இங்கே எழுதுகிறேன். குறி பார்ப்பதைப் பற்றிய கதையில் குறி தவறிய சொல் இருப்பது அழகல்ல.

எனக்கு அப்போது பத்து வயது. மொன்றியல் நகரின் லாசால் பகுதியில் ஒரு மாடிக் குடியிருப்பில் அம்மா, அப்பா, நான், அம்மாவின் தங்கையான சித்தி ஆகிய நால்வரும் இருந்தோம். சித்தி சென்ட் லோரன்டில் விமான உறுப்புகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அளவு பார்ப்பவர். மயிரிழை பிசகினாலும் அந்த உறுப்பை ஒதுக்கிவிடுவது அவர் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் கழகமொன்றின் நிலவறையில், எங்கள் பேச்சில் துவக்கு எனும் கைத்துப்பாக்கியால் கடதாசி இலக்குகளைச் சுடுவது அவர் பொழுதுபோக்கு. உரிமம், பூட்டிய பெட்டி, விசைக்குத் தனிப் பூட்டு என எல்லாம் சட்டப்படி இருந்தன. அம்மாவுக்கோ சட்டம் போதவில்லை.

“துவக்குக்குப் பயந்துதான் இஞ்சை ஓடி வந்தனாங்கள். நீ ஒண்டை வாங்கி அலுமாரிக்குள்ளை வைச்சிருக்கிறாய்.”

“அங்கை அது எங்களைக் குறி பார்த்தது, அக்கா. இஞ்சை நான் கடதாசியைக் குறி பார்க்கிறன். கடதாசி அழாது.”

அந்த ஆண்டு வாணி விழாவுக்கு அப்பாவின் திருகுசாவி, அம்மாவின் கத்தரிக்கோல், என் கணக்குப் புத்தகம் ஆகியவற்றோடு, விசைப் பூட்டுப் போட்ட துவக்கையும் சித்தி சாமித் தட்டின் முன் வைத்தார். அம்மா முகம் சுளித்தார். “ஆயுத பூசைக்கு உண்மையான ஆயுதம் இண்டைக்குத்தான் கிடைச்சிருக்கு,” என்று அப்பா சிரித்து, எல்லாவற்றுக்கும் தாராளமாகச் சந்தனம் பூசினார்.

மறுநாள் காலை, சித்தி அடுக்களையில் கோப்பி போட்டுக்கொண்டிருக்க, அம்மா பொருள்களைத் துடைத்தார். துவக்கின் முறை வந்தபோது நான் அருகில் இருந்தேன். அதன் பின்புறத்தில், குறி பார்க்கும் சிறு தகட்டின் பக்கத்தில், ஒரு திருகாணி உண்டு. அதன் பள்ளத்தில் காய்ந்திருந்த சந்தனத்தை அம்மா கத்தி நுனியால் சுரண்டினார். மணிக்கூட்டுக்குச் சாவி கொடுப்பதுபோல் மெல்லிய ஒலி சிலமுறை கேட்டது. எனக்கு அது இனிமையாக இருந்தது.

அடுத்த ஞாயிறு சித்தி வாடிய முகத்தோடு வந்தார். சுட்டதெல்லாம் வலப்பக்கம் விலகிப் போயிருந்தது. அதற்கடுத்த ஞாயிறும் அவ்வாறே.

“பெரியண்ணைக்கும் உப்பிடித்தான் கையிலை தொடங்கினது,” என்றார் அம்மா. “விட்டிட்டு இரு.”

பார்க் எக்ஸ்டென்ஷனில் இருந்த பெரிய மாமாவுக்கு நடுக்க நோய். தேநீர்க் கோப்பையை இரு கையாலும் பிடிப்பார், அப்படியும் சிந்தும். அன்றிலிருந்து சித்தி, தனியே இருக்கும்போது வலக்கையை நீட்டி, விரல்களின் மேல் ஒரு வெறுந்தாளை வைத்து, அதன் விளிம்பையே பார்த்துக்கொண்டிருப்பார். புதிய விளையாட்டு என்று எண்ணி நானும் என் கையில் தாள் வைத்தேன். கை நடுங்கினால் தொழிற்சாலையில் தாமே சொல்லி வேலையை விடுவதென்று அவர் தீர்மானித்திருந்ததை வெகு காலத்துக்குப் பின்தான் அறிந்தேன்.

பழைய சேலைத் துண்டில் ஒரு பை தைத்து, அதில் குத்தரிசியை இறுக நிரப்பினார்.

“புட்டுக்கு வைச்ச அரிசியிலை துவக்குக்கு மெத்தையோ?” என்றார் அம்மா.

“பிழை கையிலையோ துவக்கிலையோ எண்டு இது சொல்லும். நீயும் வா அக்கா, கண்ணாலை பார்.”

அம்மா சற்றுத் தயங்கினார். பிறகு குளிர்ச்சட்டையை மாட்டினார்.

நிலவறையில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், காதுக்கவசம் அணிந்து, அம்மாவும் நானும் அமர்ந்தோம். சித்தி மேசையில் முழங்கைகளை ஊன்றி, துவக்கைப் பிடித்த இரு கைகளையும் பைமேல் அமர்த்தினார். குழல் எதிலும் படவில்லை; பட்டால் துவக்கு துள்ளி, சோதனை பொய்த்துவிடும். பை பாரத்தைத் தாங்கியதால் கைக்குச் சுமை இல்லை. கை ஆடினாலும் ஆட்டம் குழலுக்குப் போகாது. அப்போதும் ரவை, அதாவது குண்டு, விலகினால் குற்றம் துவக்கினுடையது. நடுவில் பட்டால் கையினுடையது. சித்தி அவசரப்படவில்லை. ஒவ்வொரு முறையும் கைகளை அதே இடத்தில் வைத்து, மூச்சை அடக்கி, விசையை மெல்ல மெல்ல அழுத்தினார். ஒரு ரவையை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று ஐந்து ரவைகள் சுட்டு முடித்தபின்தான் இலக்கை அருகே இழுத்தார்.

ஓட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. எல்லாம் வலப்பக்கம்.

சித்தி துவக்கைக் கீழே வைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். வலக்கையை விரித்துக் கண்ணாடிக்கு நேரே உயர்த்திக் காட்டினார். அவர் கன்னம் நனைந்திருந்தது. நடுவில் ஒன்றுகூடப் படவில்லையே, இதற்கு ஏன் இவ்வளவு மகிழ்ச்சி என்று எனக்கு விளங்கவில்லை.

பிறகு சிறு திருப்புளியை எடுத்துப் பின்தகட்டின் திருகாணியைத் திருப்பினார். ரவை எந்தப் பக்கம் போகவேண்டுமோ அந்தப் பக்கம் தகட்டை நகர்த்தவேண்டும். அதனால் இடப்பக்கம் நகர்த்தினார். அடுத்த ரவைகள் நடுவைத் துளைத்தன. அந்தத் திருகாணி எனக்கு முன்பே அறிமுகமானது. காதுக்கவசத்தைத் தூக்கிக்கொண்டு, “அம்மா, இது நீங்கள் அண்டைக்கு…” என்று தொடங்கினேன்.

அம்மா கவசத்தை என் காதுகளில் மீண்டும் அழுத்தி, கையை எடுக்காமலே இருந்தார். அப்போது எவரும் சுடவில்லை.

“திருகாணி தானா இளகியிருக்கு, அக்கா,” என்றார் சித்தி, காரில்.

“ஓம், மிசின்தானே,” என்றார் அம்மா.

துவக்கைப் பற்றி அதன்பின் அம்மா ஒரு குறையும் சொன்னதில்லை. அடுத்த வாணி விழாவில், பெட்டியைத் திறக்க விடாமல், மூடியின் மேல் தாமே பொட்டு வைத்தார்.

கத்தி நுனி திருகாணியில் எழுப்பிய ஒலியை நான் கேட்டேன், அது உறுதி. அம்மா சந்தனத்தைத்தான் சுரண்டினாரா, திருகாணியைத்தான் திருப்பினாரா என்பது எனக்குத் தெரியாது.