பஸ் பாட்டு முதலாமிடம் வந்த கிழமை

என் சாச்சா பொய்யராம். எழுதியிருப்பவர் கொழும்புக்காரர். முகம் காட்டவில்லை, முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ரோசாப்பூவை வைத்திருக்கிறார்.

பழைய பொப் பாடகர்களைத் தேடிப் பிடித்துக் கதைக்க வைக்கிற யூடியூப் சேனல் ஒன்றில் போன மாதம் சாச்சாவின் பேட்டி வந்தது. எழுபது கடந்த மனிதன், என் வாப்பாவின் தம்பி, வெள்ளைச் சேட்டும் தொப்பியுமாக வந்து இருந்து, வாழ்க்கையில் தனக்குக் கிடைத்த ஒரேயொரு பெருமையைச் சொன்னார். அந்தக் காலத்தில் ரேடியோவில் கிழமைதோறும் நேயர்களின் தபாலட்டைகளை எண்ணி, பத்தாவது பாட்டில் தொடங்கி முதலாவது வரை போடுவார்கள். அந்த வரிசையில் தான் பாடிய கல்முனை பஸ் பாட்டு தான் சவூதிக்குப் போன வருஷத்து நோன்புக்கு முந்திய கிழமை முதலாமிடத்தில் நின்றது என்றார். ஒரே ஒரு கிழமை, ஏழே நாள். மற்றப் பாடகர்கள் அதே சேனலில் வந்திருந்து ஆறு கிழமை, பன்னிரண்டு கிழமை என்று அள்ளி விடுகிறார்கள், கேட்டவர்கள் தலையாட்டுகிறார்கள். இந்த மனிதனின் ஒரு கிழமைதான் அவர்களுடைய கண்ணைக் குத்தியது.

ரோசாப்பூக்காரர் சின்ன வயதில் கிழமைக்குக் கிழமை அந்தப் பத்துப் பாட்டையும் கொப்பியில் எழுதி வைத்தவராம். அந்தக் கிழமையின் பக்கத்தைப் படம் பிடித்துப் போட்டு, 'இவருடைய பாட்டு பத்துக்குள்ளேயே இல்லை. பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும்' என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே வரிசையாகச் சிரிக்கிற முகங்கள். கிழவனுக்குப் புத்தி மாறிவிட்டது என்று ஒருவர். பக்கத்தில் இருக்கிற கிழவனும் கூட்டுக் கள்ளன் என்று இன்னொருவர்.

முப்பது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவள் நான். கொப்பியில் எழுதியதெல்லாம் உண்மை என்று நினைப்பவர் என்னோடு ஒருநாள் வந்து கொப்பி திருத்திப் பார்க்க வேண்டும்.

பக்கத்தில் இருந்த கிழவன் என்று அவர்கள் சொன்னது கொங்கோ மாமாவை. பெரியநீலாவணையில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, சாச்சாவின் குழுவில் கொங்கோ மேளம் அடித்தவர். நாங்கள் சின்னதிலிருந்தே அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். பேட்டி எடுத்த பெடியன், 'முதலாமிடம் வந்ததை நீங்களும் கேட்டீங்களா ஐயா?' என்று கேட்டபோது, 'ஓம், கேட்டன்' என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டு மேசை விளிம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கூட்டாளிக்காக வாய் திறக்க வேண்டிய நேரத்தில் இப்படியா? அந்த மனிதனில் எனக்கு ஒன்பது வயதிலிருந்தே கோபம்.

சாச்சா மட்டும் நிமிர்ந்து இருந்தார். 'என்ட காக்காட மகள் தன்ட காதால கேட்டவ. இப்ப டீச்சர். அவவக் கேட்டுப் பாருங்க' என்று கமெராவைப் பார்த்துச் சொன்னார்.

அந்த மகள் நான்தான்.

அப்போது எங்கள் வீடு மருதமுனையின் வடக்கு விளிம்பில் இருந்தது. இரண்டு ஒழுங்கை தாண்டினால் பெரியநீலாவணை, கோயில் இருக்கிற தமிழ் ஊர். சாச்சாவுக்குச் சவூதிக்கு டிரைவர் விசா வந்திருந்தது. நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு பயணம். பாட்டும் கூத்தும் அத்தோடு சரி என்று வாப்பா சொல்லிவிட்டார். வாப்பாவுக்கு முன்னால் சாச்சா வாய் திறக்க மாட்டார். பஸ் பாட்டு அதற்கு முந்திய கிழமை மூன்றாமிடத்தில் நின்றது. நோன்பு தொடங்கினால் எங்கள் வீட்டில் பாட்டு இல்லை, பெருநாள் முடிந்தால் சாச்சா இல்லை. முதலாமிடத்தைக் கேட்க மிச்சமிருந்தது அந்த ஒரு சனிக்கிழமைதான்.

பின்னேரம் நாங்கள் எல்லோரும் ரேடியோவைச் சுற்றி இருந்தோம். வாப்பா பேப்பர் படிப்பதாகப் பேர். பத்தாவது பாட்டிலிருந்து இரண்டாவது பாட்டு முடியும்வரை அவர் ஒரு பக்கமும் புரட்டவில்லை. பத்திலும் இல்லை, ஏழிலும் இல்லை, நாலிலும் இல்லை. மூன்றாவதாக வேறு பாட்டு வந்தபோது சாச்சா எழுந்து நின்றார். இரண்டாவதும் வேறு. ஒன்று, பஸ் பாட்டு முதலாவது, இல்லாவிட்டால் அது பத்துக்கு வெளியே விழுந்துவிட்டது. விழுந்திருக்கும் என்று எங்களில் ஒருவரும் நினைக்கவில்லை. சாச்சா உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, 'மதினி, நம்மடதான்' என்றார். விளம்பரம் போய்க்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து ஒழுங்கையில் யாரோ, 'பிறை! பிறை!' என்று கத்தினான்.

பிறை கண்டால் எங்கள் வீட்டு ரேடியோவுக்கும் நோன்பு. வாப்பா எழுந்து டக்கென்று நிறுத்தினார். ஒழுங்கை நீளத்துக்கும் ஒவ்வொரு வீடாக ரேடியோ அடங்கியது. ஊரே மேற்கே வயல் பக்கம் பார்த்து அண்ணாந்து நின்றது. பிறை பார்ப்பதை நான் குறை சொல்லவில்லை, அல்லாஹ் மன்னிக்கட்டும். ஆனால் சூரியன் இன்னும் முழுக்க இறங்கவில்லை, மஹ்ரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லவில்லை. அதற்குள் பிறை கண்ட அந்தக் கண் எப்படிப்பட்ட கண் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. இரவு ரேடியோவைத் திரும்பப் போட்டபோது, நாட்டில் எங்கும் பிறை தென்படவில்லை, நாளைக்கு நோன்பில்லை என்றார்கள். எல்லாம் முடிந்த பிறகு வந்த தீர்ப்பு.

வாப்பா சாச்சாவைப் பள்ளிவாசலுக்குக் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். படலையடியில் சாச்சா பின்தங்கி என் தோளைப் பிடித்தார்.

'கெதியா ஓடு புள்ள. கொங்கோ மாமாட வீட்டில பாட்டு நிக்காது. நம்மடதானா எண்டு மட்டும் கேட்டுட்டு வா.'

செருப்பும் போடாமல் ஓடினேன். கொங்கோ மாமாவின் வேலிக்கு இப்பால் நான் நிற்கும்போதே பாட்டுச் சத்தம் கேட்டது. ட்ரம்பெட் ஒன்று உச்சத்தில் ஊதிக்கொண்டிருந்தது. வளவுக்குள் காலை வைத்தேன். ஜன்னலில் இருந்த ரேடியோவுக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டிருந்த கொங்கோ மாமா நிமிர்ந்து என்னைக் கண்டார். கண்டதும் கையை நீட்டி ரேடியோவை நிறுத்தினார்.

அடுப்படி வாசலில் நின்ற அவருடைய அம்மா, 'ஏன்டா நிப்பாட்டின? இப்பதானே...' என்று தொடங்கினார். கொங்கோ மாமா திரும்பிப் பார்த்தார். அம்மா அடுப்படிக்குள் திரும்பினார்.

'முதலாவது நம்மட பாட்டுத்தான் புள்ள. ஓடிப் போய்ச் சாச்சாட்டச் சொல்லு' என்றார் கொங்கோ மாமா.

'அப்ப போடுங்க. நானும் கேக்கணும்.'

'போட்டு முடிஞ்சி.'

'இன்னும் பாட்டுப் படிச்சிச்சே!'

'அது விளம்பரம்.'

என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. மூச்சிரைக்க ஓடி வந்த பிள்ளை. விளம்பரம் முடிந்து, முதலாமிடம் இந்தப் பாட்டு என்று அறிவிப்பாளர் இன்னொரு தரம் சொல்வாரே, அதையாவது கேட்க விட்டால் இவருக்கு என்ன குறைந்துவிடும்? எங்களுக்குத்தான் நோன்பு வந்தது, இவருக்கென்ன வந்தது? முகத்துக்கு முன்னால் கதவைச் சாத்துகிற மாதிரி ரேடியோவைச் சாத்துகிறார். அவருடைய அம்மா ஒரு துண்டு கருப்பட்டி கொண்டுவந்து நீட்டினார். வாங்காமல் திரும்பி ஓடினேன்.

பள்ளிவாசலுக்கு வெளியே சாச்சா எல்லோருக்கும் முதல் வந்து நின்றார். நான் சொன்னேன். அவர் உடனே சிரிக்கவில்லை. குனிந்து என் முகத்தைப் பார்த்து, 'நீ கேட்டியா? உன்ட காதால?' என்றார்.

இல்லை என்று சொல்ல எனக்கு ரோசம் விடவில்லை. அவ்வளவு தூரம் ஓடிப்போய் ஒரு ரேடியோவைக்கூடக் கேட்க முடியாமல் வந்தவள் என்று யார் பேர் எடுப்பது?

'ஓம். முழுசாக் கேட்டன்' என்றேன். நம்பாமல் போய்விடுவாரோ என்று, பக்கத்தில் நின்ற சைக்கிளின் சீற்றில் இரண்டு இரண்டாகத் தட்டியும் காட்டினேன். கண்டக்டர் பஸ்ஸின் தகரத்தில் தட்டுவதைப்போல கொங்கோ மாமா அந்தப் பாட்டை அப்படித்தான் தொடங்குவார். அந்தப் பாட்டில் கொங்கோவும் கிற்றாரும் மட்டுமே.

சாச்சா என்னைத் தூக்கிக்கொண்டார். அவர் கன்னம் நனைந்திருந்தது. அன்று இரவு வாப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, யாருக்கும் கேட்காத குரலில், 'முதலாவது எதுவாம்?' என்று கேட்டார். அவருக்கும் அதையே சொன்னேன். 'ம்' என்றார். அடுத்த நாள் அவருடைய சாரத்துணிக் கடைக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் அந்தச் செய்தி தெரிந்திருந்தது.

நோன்பு மாதம் எங்கள் ஊரில் யாரும் பாட்டுக் கேட்கவில்லை, அதனால் யாரும் மறுக்கவும் இல்லை. பெருநாள் முடிந்து சாச்சா போனார். பாலைவனத்தில் பத்தொன்பது வருஷம் லொறி ஓட்டினார். கூட இருந்தவர்களுக்கு அவர் வெறும் டிரைவர் இல்லை, சிலோன் ரேடியோவில் முதலாமிடம் வந்த பாடகர். லீவில் வரும்போதெல்லாம் சாமானை இறக்கிய கையோடு பெரியநீலாவணைக்குப் போவார். இரண்டு பேரும் கடற்கரையில் இருந்து அந்த ஒரு கிழமையைப் பற்றியே கதைப்பார்கள். சாச்சா கதைப்பார், கொங்கோ மாமா கேட்டுக்கொண்டிருப்பார்.

நான் என் கோபத்தை விடவில்லை. பெருநாளைக்கு அவர் வீட்டுக்கு வட்டிலாப்பம் அனுப்பும்போது ஆகச் சின்னத் துண்டை வெட்டி வைப்பது நான்தான். என் கல்யாணத்துக்கு வந்தவரிடம் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. 'என்னகா, இன்னும் கோவமா?' என்று சிரித்துக்கொண்டு கேட்பார். ஒரு தரமும் காரணம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் மன்னித்திருக்கவும் மாட்டேன், ஊர் முழுக்கச் சொல்லியிருப்பேன்.

முந்தாநாள் சாச்சா கோல் எடுத்தார். 'மகள், நான் பொய்யனாம். நீ கேட்டதை ஒருக்கா எழுதிவிடன்.'

எழுத இருந்தேன். ஆத்திரத்தோடுதான் இருந்தேன். ஒன்றும் விடாமல் எழுதி ரோசாப்பூக்காரரின் வாயை அடைப்பது என்று, பிறையிலிருந்து தொடங்கி, வேலி, ட்ரம்பெட், வளவு என்று வரிசையாக வந்தேன். பஸ் பாட்டில் ட்ரம்பெட் இல்லை. விரல் அந்த இடத்தில் நின்றுவிட்டது. பிறகு எழுதியதை எல்லாம் அழித்தேன். 'அந்த மகள் நான்தான். என் காதால் முழுதாகக் கேட்டேன்' என்று மட்டும் எழுதி, கீழே பெயரும் போட்டு அனுப்பிவிட்டேன். ரோசாப்பூக்காரரில் எனக்குக் கோபம் குறையவில்லை. சரியாக எழுதி வைத்திருக்கிறாரே என்று அது இன்னும் கூடித்தான் இருக்கிறது.

அன்றைக்கு எங்கள் ஊரில் பிறைக்காக ரேடியோவை நிறுத்தினார்கள். பெரியநீலாவணையில் பிறையும் இல்லை, நோன்பும் இல்லை. அந்த மனிதன் எதற்காக நிறுத்தினார் என்று ஒன்பது வயதில் எனக்கு ஒரு தரமாவது யோசனை வந்திருக்கலாம். கோபம்தான் வந்தது.